பிளேடு தூக்கும் வின்ச்சுக்குக் கம்பி ரோப்பா, சிந்தெடிக் ரோப்பா? காவேரிப்பட்டினம் மாந்தோப்பில் பார்த்த ஒரு வேலை

போன வருடத்துக்கு முந்தின சித்திரையில், பெரியவர் ஒருவர் கோணிப்பை ஒன்றைக் கொண்டுவந்து என் பட்டறை மேசைமேல் கொட்டினார். மூன்று கம்பி ரோப். மூன்றும் அறுந்தவை.

"தம்பி, அஞ்சு வாரத்துல மூணு ரோப்பு போயிருச்சு. நாலாவது வாங்கறதுக்கு மனசு வரல. இரும்பு வேணாம், இப்ப பிளாஸ்டிக்ல ஒரு ரோப்பு வருதாமே, அதைப் போட்டுக் குடு."

அவருக்குக் காவேரிப்பட்டினம் பக்கம் மாந்தோப்பு. பெரும்பாலும் பெங்களூரா, கொஞ்சம் செந்தூரா. ஏரி வற்றும் மாதங்களில் வண்டல் மண் அடித்துத் தோப்பில் பரப்புவது வழக்கம். டிப்பர் குவியல் குவியலாகக் கொட்டிவிட்டுப் போகும். மர வரிசைக்குள் ஜேசிபி நுழைந்தால் கிளை முறியும், வேர் அறுபடும். அதனால் தன்னுடைய மினி டிராக்டரின் முன்னால் ஐந்தடி பிளேடு ஒன்றை வெல்டிங் வைத்து வாங்கியிருந்தார். அந்த டிராக்டருக்கு முன்பக்கம் ஹைட்ராலிக் கிடையாது. பிளேடைத் தூக்கி இறக்க, பம்பரில் 12 வோல்ட் வின்ச், அதாவது மோட்டாரால் சுழலும் டிரம்மில் ரோப்பைச் சுற்றி இழுக்கும் கருவி, மாட்டியிருந்தார்கள். இழுவை 3000 பவுண்டு, நம் கணக்கில் 1360 கிலோ.

இந்த ஏற்பாடு பனி கொட்டும் நாடுகளிலிருந்து வந்தது. அமெரிக்காவிலும் கனடாவிலும் நாலு சக்கர ஏடிவி வண்டியின் முன்னால் பிளேடு மாட்டி வீட்டு வாசல் பனியைத் தள்ளுகிறார்கள். அதைத் தூக்குவதும் இதே மாதிரிச் சின்ன வின்ச்தான். கம்பியா சிந்தெடிக்கா என்று அங்கேயும் கேட்கிறார்கள். ஆனால் அங்கே ரோப்புக்குள் நீர் புகுந்து உறைவதுதான் கவலை. இங்கே பனிக்கட்டி இல்லை. செம்மண்ணும் வெங்கச்சங்கல் பொடியும் சித்திரை வெயிலும் இருக்கின்றன. அவர்கள் கண்ட விடையை அப்படியே இங்கே எடுத்துப் போட முடியாது.

அறுந்த இடம்

பெரியவர் கேட்டபடி உடனே ரோப்பை மாற்றிக் கொடுத்திருந்தால் நாலாவதும் அறுந்திருக்கும். முதலில் மூன்று ரோப்பையும் நீட்டிப் போட்டு, கொக்கியிலிருந்து அறுந்த இடம் வரை டேப் வைத்து அளந்தேன். 31 செ.மீ., 29 செ.மீ., 30 செ.மீ.

மூன்று ரோப்பும் ஒரே இடத்தில் அறுந்திருந்தால் சரக்கைக் குறை சொல்ல முடியாது. வண்டியைக் கொண்டுவரச் சொல்லி, பிளேடை முழுக்கத் தூக்கி நிறுத்தி, கொக்கியிலிருந்து மேலே 30 செ.மீ. அளந்தேன். விரல் போய் நின்றது வின்ச்சின் வாயிலிருக்கும் கீழ் ரோலரில். ரோப் டிரம்மிலிருந்து நேராக முன்னால் வந்து, அந்த ரோலரில் மடங்கிச் செங்குத்தாகக் கீழே இறங்குகிறது. பிளேடு மேலே நிற்கும் நேரமெல்லாம் மடங்கி நிற்பது ரோப்பின் அதே ஒரு விரற்கடை.

அறுந்த நுனியைக் கண்ணாடி வைத்துப் பார்த்தேன். சுமை தாங்காமல் அறுந்த கம்பி நுனி மெலிந்து கூராக இருக்கும். இங்கே பெரும்பாலான இழைகள் சுண்ணாம்புக் குச்சி ஒடிந்த மாதிரி மொட்டையாக இருந்தன. ஒரு சில மட்டும் மெலிந்து இழுபட்டிருந்தன. மடங்கி நிமிர்ந்து, மடங்கி நிமிர்ந்து ஒவ்வொரு இழையாக ஒடிந்து, கடைசியில் மிஞ்சிய நாலைந்து இழையும் ஒரே இழுப்பில் போயிருக்கின்றன. கட்டுக் கம்பியைக் கையால் வளைத்து வளைத்து ஒடிப்போமே, அதே சங்கதி.

திரும்பத் திரும்ப வரும் சுமை இரும்பைக் கொல்லும் என்பது பழைய அறிவு. ஜெர்மனியில் ஹார்ஸ் மலைச் சுரங்கங்களில் சங்கிலிகள் அடிக்கடி அறுந்ததைப் பார்த்த வில்ஹெல்ம் ஆல்பர்ட் என்ற சுரங்க அதிகாரிதான் 1834-ல் முறுக்கிய கம்பி ரோப்பைப் பயன்பாட்டுக்குக் கொண்டுவந்தார். ஒரு கண்ணி போனால் சங்கிலியே போச்சு. ரோப்பில் ஓர் இழை போனால் பக்கத்து இழை தாங்கும். இழைகள் போய்க்கொண்டிருப்பதை வெளியிலிருந்தே பார்க்கலாம் என்பதும் கம்பி ரோப்பின் பெரிய குணம். பருத்தித் துணியால் பிடித்து உருவினால் முள் மாட்டும். பெரியவரின் ஆள் அந்த முள்ளைப் பார்த்திருக்கிறான், உள்ளங்கையில் கிழித்தும் இருக்கிறது. முள் விட்ட ரோப்பைக் கழற்ற வேண்டும் என்று அவனுக்கு யாரும் சொல்லவில்லை.

90 கிலோவுக்கு 2 டன் ரோப் ஏன் அறுந்தது?

பிளேடையும் அதைத் தாங்கும் இரும்புக் கைகளையும் கழற்றி, பழைய இரும்புக் கடைத் தராசில் நிறுத்தோம். 90 கிலோ. மண் ஒட்டினால் நூறைத் தாண்டலாம். புது 5.5 மி.மீ. கம்பி ரோப் சுமார் 2 டன் தாங்கும். கணக்குப்படி அறுவதற்கு வழியே இல்லை. ஆனாலும் அறுந்ததற்கு நான் மூன்று காரணம் கண்டேன். மூன்றுக்கும் ரோப்பின் தரம் பொறுப்பில்லை.

முதலாவது அந்த ரோலர். விட்டம் 28 மி.மீ. கம்பி ரோப் ஓடும் கப்பியின் விட்டம், ரோப்பின் தடிமனைப் போலக் குறைந்தது 18 மடங்காவது இருக்க வேண்டும் என்பது கிரேன் வேலையில் இருப்பவர்கள் வைத்திருக்கும் கணக்கு. 5.5 மி.மீ. ரோப்புக்கு 100 மி.மீ. கப்பி வேண்டும். இங்கே இருந்தது 5 மடங்கு. அவ்வளவு சின்ன வளைவில் நிற்கும்போதே நாலில் ஒரு பங்கு வரை பலம் போய்விடும். ஒரு மணி நேரத்துக்கு எண்பது தடவை மடக்கி நிமிர்த்தினால் ஆயுளே போய்விடும்.

இரண்டாவது சுவிட்ச். ஆள் பொத்தானை அழுத்துகிறான், பிளேடு மேலே போய்ச் சட்டத்தில் முட்டுகிறது, முட்டிய சத்தம் கேட்ட பிறகுதான் விரலை எடுக்கிறான். முட்டிய பிறகு பிளேடின் எடை 90 கிலோ என்பது செல்லாது. வின்ச் தன் முழு பலத்தையும் ரோப் மேல் போடுகிறது. டிரம்மின் முதல் அடுக்கில் அது 1360 கிலோ, மோட்டார் திணறி நிற்கும் கணத்தில் அதற்கும் மேல். ஒவ்வொரு தூக்கலிலும் இது நடந்திருக்கிறது.

மூன்றாவதைப் பலரும் கவனிப்பதில்லை. தோப்பிலிருந்து ஏரிக்குப் போகும் மண்பாதையில் பிளேடைத் தூக்கியபடி ஓட்டுகிறார்கள். வண்டி குழியில் இறங்கி ஏறும்போது பிளேடு இரண்டு சென்டிமீட்டர் துள்ளி விழுகிறது. ரோப் கொஞ்சமும் நீளாத கம்பி, அதுவும் ஒரு முழம்கூட இல்லாத துண்டு. அந்த இரண்டு சென்டிமீட்டர் விழுவதைச் சட்டென நிறுத்தும்போது ரோப்புக்கு எடையைப் போல எட்டு, பத்து மடங்கு அடி விழும். டயரும் பம்பரும் கொஞ்சம் வளைந்து கொடுத்து அதைக் குறைக்கும், அவ்வளவுதான்.

இன்னொன்றும் இருந்தது. கொக்கிப் பக்கம் யூ-கிளாம்ப் ஒன்றே ஒன்று, அதுவும் தலைகீழாகப் போட்டிருந்தார்கள். கிளாம்பின் வளைந்த கம்பி வெட்டிவிட்ட வால் மேல் உட்கார வேண்டும், அகலமான அடிக்கட்டை சுமை இழுக்கும் பக்கம் இருக்க வேண்டும். மாற்றிப் போட்டால் சுமைப் பக்கத்தையே அது கடித்து நசுக்கும். ரோப் அங்கே அறவில்லை. ரோலர் முந்திக்கொண்டது.

நான் செய்த தவறு

இதையெல்லாம் கண்ட பிறகும் பெரியவர் அவசரப்படுத்தினார். வண்டல் அள்ள அனுமதி வாங்கிய நாட்கள் ஓடிக்கொண்டிருந்தன. "மத்ததெல்லாம் அப்புறம் பாத்துக்கலாம் தம்பி, இப்ப வண்டி ஓடணும்" என்றார். ஓசூரிலிருந்து 6 மி.மீ. சிந்தெடிக் ரோப் 5 மீட்டர் வரவழைத்து, பழைய ரோலரிலேயே ஓட்டிப் போட்டேன். கொக்கியை முடிச்சுப் போட்டுக் கட்டினேன். இரண்டுமே தவறு.

கடையில் சிந்தெடிக் என்று கேட்டால் மூன்று விதமான சரக்கு வரும். பக்கெட் தூக்கும் மஞ்சள், நீலக் கயிறு பாலிபுரோப்பிலீன். அதைத்தான் நம் ஊரில் நைலான் கயிறு என்று விற்கிறார்கள். ஒரு துண்டை வாளித் தண்ணீரில் போட்டால் தெரியும்: நிஜ நைலான் முழுகும், பாலிபுரோப்பிலீன் மிதக்கும். இரண்டுமே வின்ச்சுக்கு ஆகாது. நைலான் இழுத்தால் ரப்பர் மாதிரி நீளும், அறுந்தால் அந்த நீட்டம் அத்தனையும் திரும்பி வந்து அடிக்கும். பாலிபுரோப்பிலீன் வெயிலில் பொடியும். வின்ச் சிந்தெடிக் ரோப் என்பது வேறு இழை. மிக அதிக மூலக்கூறு எடையுள்ள பாலிஎத்திலீன். அந்த இழையை நூற்கும் முறைக்கு நெதர்லாந்தின் டி.எஸ்.எம். நிறுவனம் 1979-ல் காப்புரிமை பெற்றது. டைனீமா என்ற பெயரில் ஜீப் ஓட்டுகிறவர்களுக்குத் தெரியும். இதுவும் மிதக்கும். அதே தடிமனுள்ள கம்பியின் எடையில் ஏழில் ஒரு பங்குதான் இருக்கும், பலமோ கம்பியைவிடக் கூடுதல். நீட்டம் மிகக் குறைவு.

ஆனால் அந்த இழை மெழுகு தடவியதுபோல வழுக்கும். சாதாரண முடிச்சு அதில் நிற்காது. இதைப் படித்திருந்தும், 90 கிலோதானே என்று முடிச்சுப் போட்டேன். இரண்டாம் நாள் காலை, பிளேடு மேலே நின்றபடியே முடிச்சு மெல்ல நழுவி வால் வெளியே வந்துவிட்டது. பிளேடு விழுந்தது. வெட்டு முனையில் ஒட்டியிருந்த வேரைப் பிடுங்கக் குனிந்திருந்த பையனின் காலுக்கும் அது விழுந்த இடத்துக்கும் ஒரு சாண் இடைவெளி. அவன் வெறுங்காலோடு நின்றான். அன்றைக்கு மதியம் எனக்குச் சோறு இறங்கவில்லை. அதன்பின் எங்கள் பட்டறையிலிருந்து போகும் எந்த பிளேடும் இரும்புக் குத்துக்கால் இல்லாமல் போவதில்லை. குனிகிறவன் முதலில் குத்துக்காலை நிறுத்திவிட்டுத்தான் குனிய வேண்டும்.

ரோலர் விஷயம் நாலு நாளில் வெளிப்பட்டது. கம்பி ரோப் ஓடி ஓடி அந்த ரோலரில் கோடு கோடாக அறுத்து வைத்திருந்தது. ஒவ்வொரு கோட்டின் ஓரமும் சவர பிளேடு மாதிரி. புது சிந்தெடிக் ரோப் அந்த இடத்தில் பூனை முடி மாதிரி பஞ்சு கிளம்பி, ஒரு புரி பாதி வெட்டுப்பட்டிருந்தது. கம்பி ஓடிய ரோலரில் சிந்தெடிக் ரோப்பை ஓட்டக் கூடாது. இதைச் சொல்லித்தான் விற்க வேண்டும், யாரும் சொல்லி விற்பதில்லை.

கப்பிக்கு இருந்த இடம்

வண்டியை நிறுத்திவிட்டு வேலையை முதலிலிருந்து ஆரம்பித்தேன். ரோலரைக் கழற்றி எறிந்தேன். பம்பர் மேல் சானலால் ஒரு தாங்கி எழுப்பி, அதன் உச்சியில் கப்பி வைப்பது என்று முடிவு. ரோப் டிரம்மிலிருந்து மேலே ஏறி, கப்பியைச் சுற்றி, கீழே பிளேடுக்கு இறங்கும். இப்படித் திரும்பினால் தாங்கிமேல் விழும் சுமை இரட்டிப்பாகும் என்பதால் சானலுக்குப் பின்னால் இரண்டு முட்டும் கொடுத்தேன்.

எந்த ரோப் என்ற முடிவு இங்கேதான் வந்தது, அதுவும் நான் நினைத்துவந்த வழியில் வரவில்லை. தாங்கிக்கும் பானட்டின் உதட்டுக்கும் நடுவே கப்பிக்குக் கிடைத்த இடம் 65 மி.மீ. அதற்குமேல் பெரிய கப்பி வைத்தால் பானட்டைத் திறக்க முடியாது, ரேடியேட்டர் காற்றும் மறையும். கம்பி ரோப்புக்கு 100 மி.மீ. வேண்டும், 65-ல் ஓட்டினால் 12 மடங்குகூட வராது. பழைய ரோலரைவிட நல்லதுதான், ஆனால் சில மாதத்தில் மறுபடி முள். சிந்தெடிக் ரோப்புக்கு 8 மடங்கு இருந்தால் போதும், 6 மி.மீ. ரோப்புக்கு 48 மி.மீ. 65 தாராளம். இரண்டில் எது பலம், எது விலை குறைவு என்று பேசிக்கொண்டிருந்த நாங்கள் இரண்டு பேரும் அந்த ஸ்கேலைப் பார்த்ததும் பேச்சை நிறுத்தினோம்.

விலை மீட்டருக்குக் கம்பியைப் போல நாலு மடங்கு. ஆனால் கம்பி 15 மீட்டர் சுருளாகத்தான் வின்ச்சோடு வருகிறது, பிளேடு வேலைக்கு அதில் இரண்டு மீட்டருக்குமேல் வெளியே வருவதே இல்லை. சிந்தெடிக்கில் 4 மீட்டர் போதும். டிரம்மில் எப்போதும் 8 சுற்றாவது மிச்சம் இருக்க வேண்டும். கம்பிக்கு 5 சுற்று பிடிக்கும், இது வழுக்கும் சரக்கு என்பதால் கூடுதல் சுற்று. டிரம்மில் ரோப் மாட்டும் சின்ன ஸ்குரூ சுமை தாங்குவதற்கில்லை, பிடிப்பதெல்லாம் சுற்றுகள்தான்.

முடிச்சுக்குப் பதில் இந்த முறை பின்னல். 12 புரி ரோப் உள்ளே குழல் மாதிரி இருக்கும். வாலைத் திம்பிளை (கொக்கி மாட்டும் கண்ணி தேயாமல் காக்கும் இரும்பு வளையம்) சுற்றிக் கொண்டுவந்து, ரோப்பின் வயிற்றுக்குள்ளேயே செருகி இழுத்துவிட வேண்டும். சுமை ஏற ஏற வெளிப்புரி உள்வாலை இறுக்கிப் பிடிக்கும். செருகும் நீளம் ரோப் தடிமனைப் போல 72 மடங்கு என்று ரோப்போடு வந்த தாளில் இருந்தது. 6 மி.மீ. ரோப்புக்கு 43 செ.மீ. இந்தத் தடித்த பாகம் கப்பியில் ஏறக் கூடாது. பழைய ரோலரில் 30 செ.மீ.-தான் இடம் இருந்ததால் பின்னலே போட முடியாமல் இருந்தது. உயர்த்திய கப்பியில் 65 செ.மீ. கிடைத்தது. கப்பியை மேலே தூக்கியதில் எனக்குக் கிடைத்த உண்மையான லாபம் இதுதான்.

சுவிட்சுக்கு, தாங்கியில் ஒரு லிமிட் சுவிட்ச் வைத்து, பிளேடு முட்டுவதற்கு இரண்டு சென்டிமீட்டர் முன்னாலேயே மேலேற்றும் ரிலேக்கு மின்சாரம் நிற்கும்படி செய்தேன். பிளேடை மாட்ட ஒரு சங்கிலியும் வைத்தேன். பாதையில் ஓட்டும்போது பிளேடு அதில் தொங்கும், ரோப் தளர்ந்திருக்கும். சிந்தெடிக்கும் நீளாத ரோப்தான், துள்ளும் அடியைத் தாங்குவதில் அது கம்பியைவிட ஒன்றும் உயர்த்தி இல்லை. அந்த அடி ரோப்புக்கே வரக் கூடாது.

சூடு

பெரியவரின் மகன் ஒரு கேள்வி கேட்டார், நியாயமான கேள்வி. "அண்ணா, இந்த மாதிரி வின்ச்ல பிரேக்கு டிரம்முக்குள்ளேயே இருக்கு. இறக்கறப்ப டிரம் சூடாவும், ரோப்பு உருகிடும்னு சொல்றாங்களே?"

உண்மைதான். இந்த இழை 150 டிகிரிக்குப் பக்கத்தில் உருகும், 70 டிகிரியைத் தாண்டினாலே பலம் குறைய ஆரம்பிக்கும். ஒரு டன் வண்டியைச் சரிவில் முப்பது மீட்டர் மின்சாரம் கொடுத்து இறக்கினால் டிரம்மில் ஒட்டியிருக்கும் அடிச்சுற்று கெட்டுவிடும். நம் பிளேடுக்குக் கணக்குப் போட்டுக் காட்டினேன். 90 கிலோ 45 செ.மீ. இறங்கினால் பிரேக்கில் பிறக்கும் வெப்பம் சுமார் 400 ஜூல். 60 வாட் குண்டு பல்பு ஏழு விநாடி எரிந்த சூடு. மணிக்கு எண்பது தடவை என்றாலும் சராசரியாக 9 வாட். மோட்டார் சூடும் வெயிலும்தான் அதைவிடப் பெரிய கவலை. வைகாசி மதியம் இரண்டு மணிக்கு, ஒரு மணி நேர வேலைக்குப் பிறகு வெப்பமானியைக் காட்டிப் பார்த்தோம். டிரம்மின் விளிம்பு 58 டிகிரி. எல்லைக்குள்தான், ஆனால் ரொம்பத் தள்ளி இல்லை. வின்ச்சுக்கு மேல் வெள்ளைத் தகரத்தில் ஒரு நிழல் மூடி அடித்தேன். வெயிலில் இழை நரைப்பதையும் அது குறைக்கும்.

மண்ணைச் சமாளிப்பதுதான் இதில் ஓயாத வேலை. வண்டலில் கலந்திருக்கும் வெங்கச்சங்கல் பொடி புரிகளுக்கு இடையே புகுந்து, ரோப் வளையும்போதெல்லாம் உள்ளிருந்து அறுக்கும். கம்பிக்கு இந்தத் தொல்லை குறைவு, துடைத்து எண்ணெய் போட்டால் போதும். சிந்தெடிக்கை வாரம் ஒருமுறை கழற்றி வாளித் தண்ணீரில் அலசச் சொன்னேன். முதல் தடவை நானே போய் அலசிக் காட்டினேன். வெளியே பார்க்கச் சுத்தமாக இருந்த ரோப் அது. தண்ணீரைத் தெளியவிட்டு வடித்தால் வாளியின் அடியில் ஒரு நகக் கனத்துக்குச் செம்மண் படிந்திருந்தது. விரலில் எடுத்துத் தேய்த்தால் நறநறவென்றது. அந்தப் பையன் அதைத் தொட்டுப் பார்த்தான். அதற்குப்பின் யாரும் அவனுக்கு ஞாபகப்படுத்த வேண்டியிருக்கவில்லை.

கம்பியே போட்டுக் கொடுத்த வண்டி

அதே வருடம் பர்கூர்ப் பக்கத்திலிருந்து ஒரு கிரானைட் பட்டறைக்காரர் வந்தார். அவர் ஜீப்பின் வின்ச் கழிவுக் கற்களை இழுத்து ஒதுக்கும் வேலைக்கு. காவேரிப்பட்டினத்து ரோப்பைப் பார்த்துவிட்டு அதையே கேட்டார். நான் மறுத்தேன். அறுத்த கல்லின் ஓரம் கண்ணாடிச் சில்லு மாதிரி. ரோப் அதன்மேல் உரசிப் போகாமல் அங்கே வேலையே நடக்காது. சிந்தெடிக் ரோப் ஒரே இழுப்பில் பாதி வெட்டுப்படும், அதுவும் முள் காட்டி எச்சரிக்காது. அவருக்குக் கம்பியே போட்டு, கொக்கிப் பக்கம் மூன்று கிளாம்ப், தோல் கையுறை, இழுக்கும்போது ரோப் மேல் நனைத்த கோணி. அறுந்தால் வீசியடிக்காமல் கோணி அமுக்கும். இழுக்கும் கோட்டில் ஆள் நிற்கக் கூடாது என்பதைத் தரையில் சுண்ணாம்பால் கோடு போட்டே காட்டிவிட்டு வந்தேன்.

இப்போது

காவேரிப்பட்டினத்து ரோப் இரண்டு வண்டல் சீசன் ஓடிவிட்டது. இந்தச் சித்திரையில் வண்டி வந்தபோது புரிகளை விரித்துப் பார்த்தேன். பிளேடு மேலே நிற்கும்போது கப்பியில் படியும் இடத்தில் மேலாகப் பஞ்சு, உள் இழை பளபளப்பாகவே இருக்கிறது. ஆனாலும் வளையும் இடத்தை மாற்றுவதற்காக, கொக்கிப் பக்கம் அரை மீட்டர் வெட்டிவிட்டுப் புதிதாகப் பின்னல் போட்டேன். டிரம்மில் இப்போதும் 9 சுற்று மிச்சம் இருக்கிறது.

வெட்டிய துண்டைப் பெரியவர் கேட்டு வாங்கிக்கொண்டார். "நல்லா மெத்துன்னு இருக்கு, கன்னுக்குட்டி கட்ட ஆவும்" என்றார்.

"கட்டாதீங்க ஐயா, முடிச்சு நிக்காது" என்றேன்.

மடித்து மடிக்குள் வைத்துக்கொண்டு போனார்.